விண்கதிர் வரலாறு – 17: கணக்குக்கு மிஞ்சிய எதிர்ப்புரோட்டான்கள்

சென்ற அத்தியாயத்தை ஹோமி பாபா பெங்களூரில் பறக்கவிட்ட பலூன்களோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் பலூன்கள் தொடங்கிவைத்த வேலை மும்பைக்கும் ஐதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் போய், கடைசியில் பூமியைச் சுற்றிவரும் ஒரு பெரிய காந்தத்தில் வந்து நிற்கிறது. அங்கே போவதற்கு முன் நம் ஊர் வானத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மீதிக் கதை பிடிபடாது.

குறிஞ்சிப்பாடியில் பெருமாள் ஏரிக் கரையில் நின்று உள்ளங்கையை விரித்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு மியூவான் துகள்கள் அதன் வழியே போய்விடும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறியதில் பிறந்தவை அவை. மோதிய அந்த மூலத் துகள்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். ஆனால் எல்லாப் புரோட்டானும் நம் தலைக்கு மேல் வந்து இறங்கிவிட முடியாது. பூமியின் காந்தப்புலம் வழியில் நின்று தடுக்கிறது. துகள்களின் ஆற்றலை ஜிகா எலெக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக ஜி.இ.வி., என்ற அலகில் அளப்பார்கள். 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஒரு ஜி.இ.வி. கடலூர்ப் பக்கம் நேர்மேலிருந்து ஒரு புரோட்டான் இறங்க வேண்டுமென்றால் அதனிடம் ஏறத்தாழ 17 ஜி.இ.வி. இருந்தாக வேண்டும். கனடாவின் வடபகுதியில் இந்தத் தடை அநேகமாக இல்லை. தென்னமெரிக்காவில் காந்த நடுக்கோட்டின் மேலேயே நின்றாலும் 12, 13தான். தென்னிந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான் பூமியிலேயே இந்தத் தடை மிக உயரமான இடங்கள். பூமிக் காந்தத்தின் மையம் பூமியின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகிக் கிழக்கே தள்ளியிருப்பதே காரணம்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காந்தப்புலம் நேர்மின் துகளையும் எதிர்மின் துகளையும் எதிரெதிர்த் திசையில் வளைக்கிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் நேர்மின் துகள்கள் மேற்கிலிருந்து எளிதாக வரும். எதிர்மின் துகள்கள் கிழக்கிலிருந்து எளிதாக வரும். பூமியே துகள்களைப் பிரிக்கும் ஒரு காந்தக் கருவி போல வேலை செய்கிறது. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் இந்தியாவுக்கு இயற்கை கொடுத்த பெரிய முதலீடு இதுதான். பணமும் பெரிய கருவிகளும் இல்லாத காலத்தில் அதை நன்றாகவே பயன்படுத்தினார்கள்.

அப்படிப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ரஞ்சன் ராய் டேனியல். 1923இல் நாகர்கோவிலில் பிறந்தவர். மும்பையில் புதிதாகத் தொடங்கியிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, அங்கிருந்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பயான் துகளைக் கண்டுபிடித்து 1950இல் நோபல் பரிசு பெற்ற செசில் பவலின் ஆய்வகம் அது. அங்கே கருவி என்பது தடித்த எமல்ஷன் தகடு, அதாவது ஒளிப்படத் தகட்டின் ரசாயனப் பூச்சைக் கனமாகப் பூசியது. துகள் ஒன்று அதைத் துளைத்துப் போனால் அதன் தடம் புள்ளி புள்ளியாகப் பதிவாகும். தகட்டைக் கழுவி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, மணிக்கணக்கில் கண்ணை ஓட்டித் தடத்தைத் தேடுவார்கள். பிரிஸ்டலில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இயற்பியல் வரலாறுகளில் அவர்கள் பெயர்கள் போதிய அளவு வருவதில்லை என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

மும்பை திரும்பிய டேனியலும் அவருடைய இளைய சக ஆய்வாளர் எஸ்.ஏ. ஸ்டீபன்ஸும் 1960களில் ஐதராபாத்திலிருந்து பலூனில் எமல்ஷன் அடுக்குகளை ஏற்றி அனுப்பினார்கள். பாலிதீன் பலூன்களை டாட்டா நிறுவனமே தயாரித்தது. ஐதராபாத்திலும் தடை ஏறத்தாழ 17 ஜி.இ.வி. என்பதால் குறைந்த ஆற்றல் கொண்ட துகள்கள் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே வருவது உயர் ஆற்றல் துகள்கள் மட்டும். இவர்கள் தேடியது காஸ்மிக் கதிர்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே இருக்கும் எலெக்ட்ரான்களை. 1965இல் பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் உயர் ஆற்றல் எலெக்ட்ரான்கள் பற்றிய அவர்களுடைய கட்டுரை வந்தது.

அடுத்த ஆண்டு அதே இதழில் வந்த கட்டுரைதான் எனக்குப் பிடித்தது. பிரபஞ்சம் முழுக்க ஒரு மெல்லிய வெப்பக் கதிர்வீச்சு நிரம்பியிருக்கிறது என்று பென்சியாஸும் வில்சனும் 1965இல் அறிவித்திருந்தார்கள். டேனியலும் ஸ்டீபன்ஸும் கேட்டார்கள்: அப்படியானால் பால்வெளியில் பறக்கும் எலெக்ட்ரான் அந்தக் கதிர்வீச்சின் ஒளித்துகள்களோடு மோதி மோதி ஆற்றலை இழக்க வேண்டுமே, அது எலெக்ட்ரான்களின் கணக்கில் தெரியவேண்டுமே? வேகமான எலெக்ட்ரான் இன்னும் வேகமாக இழக்கும். ஆற்றல் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. 1000 ஜி.இ.வி. உள்ள எலெக்ட்ரான் சில லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆற்றலோடு இருக்க முடியாது. பால்வெளியின் வயதோடு ஒப்பிட்டால் அது கண்ணிமைக்கும் நேரம். ஆகவே அவ்வளவு ஆற்றலோடு நம்மை வந்தடையும் எலெக்ட்ரான் வெகு தூரத்திலிருந்து வந்திருக்க முடியாது. சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் எங்கேயோதான் பிறந்திருக்க வேண்டும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து இதே வாதம் பெரிய சண்டை ஒன்றின் நடுவில் வந்து உட்காரப் போகிறது.

இனி 1979.

புரோட்டானுக்கு எதிர்ப்புரோட்டான் உண்டு. நிறை அதேதான், மின்னூட்டம் எதிர். 1955இல் பெர்க்லியில் முடுக்கியில் அதை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். விண்ணிலிருந்து வரும் கதிரில் அது இருக்கிறதா என்பது மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியாமல் இருந்தது. இருக்கத்தான் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. விண்மீன்களுக்கு நடுவே பரவிக்கிடக்கும் ஐதரசன் வாயுவில் காஸ்மிக் கதிர்ப் புரோட்டான் மோதும்போது, மோதும் ஆற்றல் போதுமானதாக இருந்தால், ஒரு புரோட்டானும் ஒரு எதிர்ப்புரோட்டானும் இணையாகப் பிறக்கும். அதற்கு மோதும் புரோட்டானிடம் குறைந்தது 7 ஜி.இ.வி. வேண்டும். பிறக்கும் எதிர்ப்புரோட்டானும் மோதலின் உந்துதலோடு வேகமாகவே கிளம்பும். மெதுவாக நகர்வது மிக அரிது. இந்த விவரமும் பின்னால் தேவைப்படும்.

பிடிப்பது எப்படி? ராபர்ட் கோல்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் மீகடத்திக் காந்தம் ஒன்றைப் பலூனில் ஏற்றினார். காந்தத்துக்குள் நுழையும் புரோட்டான் ஒரு பக்கம் வளையும், எதிர்ப்புரோட்டான் மறுபக்கம் வளையும். குறிஞ்சிப்பாடித் தறியில் ஓடும் பாவில் பத்தாயிரம் இழையும் வலப்புரி முறுக்காக இருக்க, ஐந்து இழை மட்டும் இடப்புரியாக வந்தால் நெசவாளி அதைக் கண்டுபிடிக்கப் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். இங்கே அதைவிட ஒரு படி மேல்: எதிர்மின்னூட்டம் கொண்ட வேறு துகள்களும், மியூவானும் பயானும் எலெக்ட்ரானும், அதே பக்கம்தான் வளையும். அவற்றைக் கழிக்க வாயு நிரப்பிய செரன்கோவ் உணரி ஒன்றை வைத்தார்கள். எடை குறைந்த துகள்கள் அந்த வாயுவில் ஒளியை உமிழும். எடை கூடிய புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் அதே உந்தத்தில் உமிழாது. ஒளி வராமல், மறுபக்கம் வளைந்து வந்தது எதுவோ அதுதான் தேடிய துகள்.

1979 அக்டோபரில் பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில் கட்டுரை வெளியானது. காஸ்மிக் கதிர்களில் எதிர்ப்புரோட்டான் இருப்பதற்கான சான்று. கோல்டனோடு கையொப்பமிட்டவர்களில் கௌதம் பத்வார் இருந்தார், எஸ்.ஏ. ஸ்டீபன்ஸ் இருந்தார், ஆர்.ஆர். டேனியல் இருந்தார். ஏறத்தாழ அதே நேரத்தில் சோவியத் ஒன்றியத்தில் போகமோலோவ் குழுவும் எதிர்ப்புரோட்டான்களைக் கண்டதாக அறிவித்தது. நாகர்கோவிலில் பிறந்த ஒருவரின் பெயர் விண்ணின் எதிர்ப்புரோட்டானை முதலில் கண்ட கட்டுரைகளில் ஒன்றில் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இது ஒரு வரியாகவாவது வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் கட்டுரை சொன்ன எண் சிக்கலானது. பத்தாயிரம் புரோட்டானுக்கு ஐந்து எதிர்ப்புரோட்டான். மோதல் கணக்கு எதிர்பார்த்ததைவிட இது பல மடங்கு அதிகம். 1981இல் பஃபிங்டனின் குழு மற்றொரு பலூனில் குறைந்த ஆற்றலிலும் எதிர்ப்புரோட்டான்கள் ஏராளமாக இருப்பதாகச் சொன்னது. மெதுவான எதிர்ப்புரோட்டான் அரிது என்று மேலே பார்த்தோம். அங்கேயே கூட்டமாக இருக்கிறது என்றால் மோதல்களைத் தவிர வேறு ஏதோ அவற்றை உண்டாக்குகிறது என்றாகும்.

ஸ்டீபன்ஸ் அவசரப்படவில்லை. 1981இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் எதிர்ப்புரோட்டான்களை வைத்துக் காஸ்மிக் கதிர்களின் பயணத்தையே அளக்கப் பார்த்தார். கதிர்கள் நாம் நினைத்ததைவிட அதிக நாள் பால்வெளிக்குள் அடைபட்டு, அதிக வாயுவைக் கடந்து வந்திருந்தால் எதிர்ப்புரோட்டானும் கூடுமல்லவா? கதிர்கள் வெளியேறாமல் அடைபட்டிருக்கும் பால்வெளி என்ற அந்தப் படிமத்தை 1977இல் முன்வைத்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் பீட்டர்ஸ். 1950களில் டாட்டா நிறுவனத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியை வளர்த்தவர் அவர். இந்தத் தொடரில் முன்பே அவரைச் சந்தித்திருக்கிறோம். புதுமையான விளக்கத்துக்குப் போகுமுன் தெரிந்த இயற்பியலால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது இந்தப் பள்ளியின் குணம்.

மற்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். கரும்பொருள் இந்தக் கதைக்குள் நுழையும் இடம் இதுதான்.

விண்மீன் மண்டலக் கூட்டங்களில் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவில்லை என்று ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933இலேயே சொன்னார். 1970களில் விண்மீன் மண்டலங்களின் சுழற்சி பற்றிய வேரா ரூபினின் அளவீடுகள் வந்த பிறகு அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. பிரபஞ்சத்தின் பொருளில் பெரும்பகுதி ஒளி விடாத, ஒளியைத் தடுக்காத ஏதோ ஒன்று. அது புதுவகைத் துகளாக இருக்கலாம் என்ற எண்ணம் 1980களில் வலுப்பெற்றது. அத்தகைய துகள்கள் இரண்டு சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சாதாரணத் துகள்களாக மாறும் என்பது பல கோட்பாடுகளின் முடிவு. அப்படி மாறும்போது பொருளும் எதிர்ப்பொருளும் சரிபாதியாக வரும். புரோட்டான் வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்; விண்ணில் கோடானுகோடி புரோட்டான்கள் இருக்கின்றன. எதிர்ப்புரோட்டானும், எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும் அப்படியல்ல, அவை அரியவை. கூட்டத்தில் ஒன்று கூடினாலும் தெரிந்துவிடும்.

1984இல் ஜோசஃப் சில்க்கும் மார்க் ஸ்ரெட்நிக்கியும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கரும்பொருள் போட்டினோ என்ற துகளாக இருந்தால், அவை பால்வெளியின் ஒளிவட்டப் பகுதியில் ஒன்றையொன்று அழிக்கும்போது பிறக்கும் எதிர்ப்புரோட்டான்கள், குறைந்த ஆற்றலில் காணப்பட்ட மிகுதியை விளக்கக்கூடும் என்றார்கள். காஸ்மிக் கதிரில் எதிர்த்துகளை எண்ணிக் கரும்பொருளைத் தேடலாம் என்ற யோசனை அந்தக் கட்டுரையில்தான் உருப்பெற்றது. இன்று கோடிக்கணக்கான டாலர் செலவில் பறக்கும் கருவிகளின் அறிவியல் நோக்கம் எழுதப்பட்ட இடம் அது.

பிறகு நடந்ததைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். மிகுதி பொய்த்தது. 1987இல் கனடாவிலிருந்து பறந்த லீப், பீபார் என்ற இரு பலூன் கருவிகள் பஃபிங்டன் அளந்த குறைந்த ஆற்றலில் தேடிப் பார்த்தபோது அங்கே கூட்டம் ஏதும் இல்லை. 1991இல் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரிலிருந்து பறந்த மாஸ் கருவி கோல்டனின் பழைய ஆற்றல் எல்லையை மீண்டும் அளந்தது. எண்ணிக்கை இறங்கிப்போய் மோதல் கணக்கோடு ஒத்துப்போனது. 1996இல் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் பாருங்கள்: கோல்டனும் இருக்கிறார், ஸ்டீபன்ஸும் இருக்கிறார். 1979இல் உயர்ந்த எண்ணைச் சொன்னவர்களே, மேம்பட்ட கருவியோடு திரும்பி வந்து அதைத் திருத்தினார்கள். பதினேழு ஆண்டு இடைவெளியில் தன் எண்ணைத் தானே மாற்றி எழுத ஒரு துணிவும் ஒழுக்கமும் வேண்டும். ஜப்பானின் பெஸ் கருவி 1997 பறப்பில் 400க்கும் மேற்பட்ட எதிர்ப்புரோட்டான்களைப் பிடித்து, 2 ஜி.இ.வி. அருகே ஒரு மேடு இருப்பதைக் காட்டியது. மோதலில் பிறந்தவை என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது அந்த மேடு.

மூல எண் தவறாகப் போனாலும் அது எழுப்பிய கேள்வி நின்றுவிட்டது. அதோடு பலூனின் எல்லையும் தெளிவாகிவிட்டது. பலூன் எவ்வளவு உயரம் போனாலும் அதற்கு மேலே கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். அந்தக் காற்றில் மோதியும் எதிர்ப்புரோட்டான் பிறக்கும். பறப்பு நீடிப்பதோ சில மணி நேரம், அதிகம் போனால் சில நாட்கள். அரிய துகளை எண்ண வேண்டுமானால் காற்றுக்கு வெளியே, ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். அமெரிக்கா திட்டமிட்டிருந்த ஃப்ரீடம் விண்வெளி நிலையத்தில் ஆஸ்ட்ரோமேக் என்ற மீகடத்திக் காந்தத்தை அமைக்க 1980களின் இறுதியில் ஏற்பாடானது. அதில் வைக்க கோல்டனும் இத்தாலியர்களும் சேர்ந்து விசார்ட் என்ற கருவியை வடிவமைத்தார்கள். நிலையத்தின் திட்டம் சுருங்கியபோது ஆஸ்ட்ரோமேக் கைவிடப்பட்டது. கோல்டன் 1995இல் மறைந்தார். விசார்ட் குழு மட்டும் கலையவில்லை. மாஸ், கேப்ரிஸ் என்று பலூன்களில் பயின்றுகொண்டே, இத்தாலியின் பியர்ஜோர்ஜோ பிகோசாவின் தலைமையில் பமேலா என்ற சிறு கருவியாக அது மறுபிறவி எடுத்தது.

பமேலா 470 கிலோ எடை. 2006 ஜூன் 15 அன்று பைகோனூரிலிருந்து ரஷ்யாவின் ரெசுர்ஸ் டிகே–1 செயற்கைக்கோளில் ஏறியது. 70 பாகை சாய்ந்த பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நாம் முதலில் பார்த்த காந்தத் தடைதான்: துருவங்களின் பக்கம் போனால்தான் குறைந்த ஆற்றல் துகள்கள் கிடைக்கும், நம் ஊர் வானத்திலேயே சுற்றினால் கிடைக்காது.

எதிர்ப்புரோட்டானில் பமேலா கண்டது மோதல் கணக்கோடு ஒத்துப்போனது. அதிர்ச்சி பாசிட்ரானில் வந்தது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் சேர்ந்த மொத்தத்தில் பாசிட்ரானின் பங்கு ஆற்றல் ஏற ஏறக் குறையவேண்டும். பமேலாவில் அது 10 ஜி.இ.வி.க்கு மேல் ஏறியது. 100 வரை ஏறிக்கொண்டே போனது. 2009 ஏப்ரலில் நேச்சரில் அந்தக் கட்டுரை வந்ததும் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் பெருமழையாகக் கட்டுரைகளைப் பொழிந்தார்கள். கரும்பொருள் துகளின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். பமேலாவில் காந்தம் உண்டு. 2008இல் ஏறிய ஃபெர்மி தொலைநோக்கியில் காந்தமே கிடையாது. ஆனாலும் ஃபெர்மி குழு பூமியின் காந்தப்புலத்தையே பயன்படுத்தி, கிழக்கு மேற்கு வேறுபாட்டை வைத்து எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் பிரித்து 2011இல் அதே ஏற்றத்தை உறுதிசெய்தது. தொடக்கத்தில் நாம் பார்த்த அதே இயற்கைக் காந்தக் கருவிதான்.

அடுத்து வந்தது ஏ.எம்.எஸ்., தொடக்கத்தில் சொன்ன, பூமியைச் சுற்றிவரும் பெரிய காந்தம். இதைத் திட்டமிட்டவர் நோபல் பரிசு பெற்ற சாமுவேல் டிங். முன்னோட்டமாக 1998 ஜூனில் டிஸ்கவரி விண்கலத்தில் பத்து நாள் பறந்த கருவி எதிர்பாராத ஒன்றைக் கண்டது: காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தில், தடைக்குக் கீழான ஆற்றலில், எலெக்ட்ரானைவிடப் பாசிட்ரான் ஏறத்தாழ நான்கு மடங்கு. காற்றில் மோதிப் பிறந்து காந்தப்புலத்தில் சிக்கிச் சுற்றும் துகள்கள் அவை. முழுக் கருவிக்கு மீகடத்திக் காந்தம் தயாரானது. அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். விண்வெளி நிலையத்தின் ஆயுள் நீட்டிக்கப்படும் என்று தெரிந்ததும் 2010இல் அந்தக் காந்தத்தையே கழற்றிவிட்டு, 1998இல் பறந்த பழைய நிலைக்காந்தத்தைப் பொருத்தினார்கள். வலிமை குறைவு, ஆனால் தீர்ந்துபோகாது. இந்தத் தொடரில் நான் எழுதிய தீர்மானங்களிலேயே துணிச்சலானவற்றில் இதைச் சேர்ப்பேன். 2011 மே 16 அன்று எண்டெவர் விண்கலம் ஏற்றிச் சென்றது. மூன்று நாளில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தினார்கள். கருவியைக் குளிர்விக்கும் பம்புகள் ஒவ்வொன்றாகப் பழுதானபோது லூகா பர்மிதானோவும் ஆண்ட்ரூ மார்கனும் 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை நான்கு முறை விண்ணில் நடந்து குழாய்களை வெட்டி ஒட்டி உயிர் கொடுத்தார்கள். விண்ணில் திருத்தும் நோக்கமே இல்லாமல் செய்யப்பட்ட கருவி அது.

ஏ.எம்.எஸ். தரவு இறங்கிவரும் கட்டுப்பாட்டு அறை ஜெனீவா அருகே செர்ன் துகள் ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. அதே செர்னில்தான் 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த நடராசர் சிலையும் நிற்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்கும். தெரிய வேண்டிய மற்றொரு செய்தி: ஏ.எம்.எஸ்ஸில் பங்கேற்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. 1979 கட்டுரையில் இடம்பெற்ற நாட்டுக்கு இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். சிலையை அனுப்பியதோடு ஆய்வாளர்களையும் அந்த அறைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

2013 ஏப்ரலில் ஏ.எம்.எஸ்ஸின் முதல் முடிவு வந்தது. 68 லட்சம் எலெக்ட்ரான், பாசிட்ரான்களை எண்ணி, பமேலா கண்ட ஏற்றம் 350 ஜி.இ.வி. வரை மறுக்க முடியாதபடி இருப்பதைக் காட்டியது. 2014இல் ஏறத்தாழ 275 ஜி.இ.வி.யில் ஏற்றம் நின்றுவிடுவது தெரிந்தது. 2019இல் பாசிட்ரான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 284 ஜி.இ.வி.க்கு மேல் வேகமாக விழத் தொடங்கி, 810 ஜி.இ.வி. அளவில் வெட்டுப்படுவதைக் காட்டினார்கள். கரும்பொருள் துகளுக்கு ஒரு நிறை உண்டென்றால் அதற்கு மேல் பாசிட்ரான் வரக்கூடாது. ஆகவே இந்த வீழ்ச்சி அதற்குப் பொருந்துகிறது. ஆனால் அருகிலுள்ள துடிவிண்மீன் ஒன்றுக்கும் அதே அளவு பொருந்துகிறது. வேகமாகச் சுழலும் துடிவிண்மீனின் காந்தப்புலம் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் இணை இணையாக உமிழக்கூடியது.

இங்கேதான் 1966 கட்டுரையின் வாதம் வந்து நிற்கிறது. நூற்றுக்கணக்கான ஜி.இ.வி. உள்ள பாசிட்ரான் தூரத்திலிருந்து வர முடியாது. ஆகவே ஊற்று அருகில் இருக்க வேண்டும். அருகில் யார்? ஏறத்தாழ 800 ஒளியாண்டு தூரத்தில் கெமிங்கா என்ற துடிவிண்மீன் இருக்கிறது. மெக்சிகோ மலையில் உள்ள ஹாக் கருவி 2017இல் கெமிங்காவைச் சுற்றி மிக உயர் ஆற்றல் துகள்கள் சூழ்ந்திருப்பதைக் கண்டது. ஆனால் அவை எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே அங்கிருந்து பரவுகின்றன, பூமி வரை போதிய அளவு வந்துசேராது என்றது அந்தக் குழு. அந்த மந்தம் துடிவிண்மீனைச் சுற்றி மட்டும்தான், வெளியே வந்தால் வேகமாகப் பரவும் என்றார்கள் எதிர்த்தரப்பினர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. என் சாய்வு துடிவிண்மீன் பக்கம். பாசிட்ரானுக்கு இவ்வளவு கரும்பொருள் அழிவு தேவைப்பட்டால் அது எதிர்ப்புரோட்டானிலும் காமா கதிரிலும் உரக்கத் தெரிந்திருக்க வேண்டும், அப்படித் தெரியவில்லை. 2015 டிசம்பரில் சீனா ஏற்றிய டாம்பே, அதே ஆண்டு விண்வெளி நிலையத்துக்குப் போன ஜப்பானின் கேலட் இரண்டும் காந்தம் இல்லாத ஆற்றல்மானிகள். மொத்த எலெக்ட்ரான் கணக்கை ஆயிரக்கணக்கான ஜி.இ.வி. வரை கொண்டுபோயிருக்கின்றன. ஆனால் எது எலெக்ட்ரான் எது பாசிட்ரான் என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது.

எதிர்ப்புரோட்டானுக்குத் திரும்புவோம். 2016இல் ஏ.எம்.எஸ். 3,49,000 எதிர்ப்புரோட்டான்களின் அளவீட்டை வெளியிட்டது. கோல்டன் குழு கையில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில டஜன். இந்தப் பெருந்தரவை வைத்து 2017இல் ஜெர்மனியின் ஆகனைச் சேர்ந்த குழு ஒன்றும் சீனக் குழு ஒன்றும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: குறிப்பிட்ட ஆற்றல் பகுதியில் மோதல் கணக்கைவிடச் சற்று மிகுதி தெரிகிறது, அது 80 ஜி.இ.வி. அளவு நிறையுள்ள கரும்பொருள் துகளுக்குப் பொருந்துகிறது. 1979இல் பல மடங்கு இருந்த மிகுதி இப்போது சில சதவீதத்தில் இருக்கிறது. 2020இல் கருவியின் பிழைகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணித்தபோது அந்த மிகுதியின் வலு பெரிதும் குறைந்தது.

குறைவதும் கூடுவதும் ஒரே இடத்தைப் பொறுத்திருக்கிறது. சாதாரண மோதலில் எத்தனை எதிர்ப்புரோட்டான் பிறக்கும் என்ற கணக்கு. விண்வெளி வாயுவில் ஐதரசனுக்கு அடுத்தபடி ஹீலியம் இருக்கிறது. புரோட்டான் ஹீலியத்தில் மோதினால் எத்தனை பிறக்கும் என்று அதுவரை யாரும் நேரடியாக அளந்ததில்லை. செர்னின் எல்.எச்.சி.பி. குழு தன் முடுக்கிக் குழாய்க்குள் சிறிதளவு ஹீலியத்தைச் செலுத்தி, 6500 ஜி.இ.வி. புரோட்டான்களை அதில் மோதவிட்டு 2018இல் முதல் அளவீட்டை வெளியிட்டது. ஸ்டீபன்ஸ் 1981இல் கையில் கிடைத்த முடுக்கித் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கின் அதே உறுப்பைத்தான் இப்போது இவ்வளவு பெரிய எந்திரத்தில் செதுக்கித் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

டேனியல் பிற்காலத்தில் டாட்டா நிறுவனத்தின் துணை இயக்குநரானார். வளரும் நாடுகளின் அறிவியல் வளர்ச்சிக்காகச் சென்னையில் இயங்கிய காஸ்டெட் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1992இல் பத்ம பூஷண் பெற்றார், 2005இல் காலமானார். பமேலா விண்ணேற அப்போது இன்னும் ஓராண்டுதான் இருந்தது.

அடுத்த அத்தியாயத்தில் 1985க்குப் போவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று சேலஞ்சர் விண்கலத்தில், ஸ்பேஸ்லேப் மூன்றில், அனுராதா என்று பெயரிட்ட ஒரு பீப்பாய் ஏறியது. உள்ளே இருந்தவை பிளாஸ்டிக் தாள்கள். செய்தவர்கள் சுகுமார் பிஸ்வாஸின் குழுவினர்.

(தொடரும்)